மிதக்கும் வீட்டுக்கு வாடகை இல்லை... குளிருக்கு உண்டு!

லண்டன் கால்வாய்களில் வரிசைகட்டி நிற்கும் நீள நீளமான படகு வீடுகளை ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கூரைமேல் பூந்தொட்டி, ஜன்னலோரம் காபி கப், பக்கத்திலேயே நீந்திப்போகும் வாத்துக் குடும்பம். 'வாடகை கொடுக்காம லண்டன்ல வாழ்றோம்' என்று ஒரு கேப்ஷன். 'அட, இது நல்லா இருக்கே!' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், அந்த வீடியோ எந்த மாதத்தில் எடுத்தது என்று ஒருமுறை கவனியுங்கள். அநேகமாக ஜூனோ ஜூலையோவாக இருக்கும்.

அதே படகை ஜனவரி மாதம், காலை ஆறரை மணிக்குக் கற்பனை செய்து பாருங்கள். வெளியே இருட்டு. ராத்திரி போட்ட நெருப்பு அணைந்துவிட்டது. போர்வைக்கு வெளியே மூக்கை நீட்டினால் மூச்சு புகையாகப் போகிறது. எழுந்து சாம்பலை அள்ளி, சுள்ளி அடுக்கி, கரி போட்டு, அடுப்பு சூடாகி, அந்தச் சூடு படுக்கை வரை வந்துசேர முக்கால் மணி நேரமாவது ஆகும். சுவிட்ச் போட்டால் ஹீட்டர் ஓடும் கதையெல்லாம் இங்கே இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைக் 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை நிர்வகிக்கிறது. 2012-ல் அரசு அமைப்பிடமிருந்து இந்தப் பொறுப்பு அதன் கைக்கு வந்தது. இந்த நீர்வழிகளில் உள்ள படகுகளில் பல, விடுமுறைக்கு வந்துபோகிறவர்களுடையவை. ஆனால், வருடம் முழுக்க அதிலேயே குடியிருப்பவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆசைக்காக வந்தவர்கள் உண்டு. வீட்டு வாடகை கட்டி முடியாமல் தண்ணீரில் இறங்கியவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் குளிர்காலம் கணக்குப் பாடம் எடுக்கிறது.

இரும்புப் பெட்டிக்குள் ஒரு கணப்பு

'நேரோபோட்' என்று பெயர். பெயருக்கேற்ற மாதிரி அகலம் 6 அடி 10 அங்குலம்தான். கால்வாய் மேடு பள்ளம் ஏறி இறங்கும் இடங்களில் கட்டியிருக்கும் 'லாக்' தொட்டிகள் பல இடங்களில் 7 அடி அகலம் மட்டுமே என்பதால் இந்த அளவு. நீளம் 72 அடி வரை போகலாம். நம்ம ஊர் ஆம்னி பஸ்ஸைவிடக் குறுகல், அதைவிட நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்க இரும்புத் தகடு. கீழ்ப்பகுதி சில்லென்ற தண்ணீரில் கிடக்கிறது, மேல்பகுதியில் குளிர்காற்று மோதுகிறது. தகட்டுக்கும் உள்பக்க மரப்பலகைக்கும் நடுவில் குளிர்தடுப்பு இருக்கும். புதுப் படகுகளில் ஃபோம் அடித்திருப்பார்கள். பழசு என்றால் தெர்மாகோல் மாதிரியான அட்டைதான், அதுவும் அங்கங்கே விலகிக் கிடக்கும்.

சூடாக்குவதற்குப் பெரும்பாலான படகுகளில் ஒரு குட்டி இரும்பு அடுப்பு உண்டு. விறகும் போடலாம், கரியும் போடலாம். விறகு சீக்கிரம் எரிந்துவிடும். புகையில்லாக் கரிக்கட்டி நின்று எரியும். அதனால் சாயங்காலம் விறகு, ராத்திரிக்குக் கரி என்று மாற்றிப் போடுகிறவர்கள் நிறைய. படுக்கப்போகும் முன் காற்று வரும் வழியைக் குறைத்து நெருப்பை அடக்கி வைப்பார்கள். நம் பாட்டிமார் தணலைச் சாம்பலால் மூடிவைத்து, காலையில் ஊதிப் பற்றவைத்த அதே வித்தைதான்.

ஆனால், அடுப்பு இருப்பது ஒரு கோடியில், படுக்கை இருப்பது பெரும்பாலும் மறு கோடியில். முன்னறையில் பனியனோடு உட்கார்ந்திருப்பார்கள், படுக்கையறைக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போவார்கள்! இதற்காகவே அடுப்பின் மேல் ஒரு சின்ன விசிறி வைக்கிறார்கள். மின்சாரமே வேண்டாம், அடுப்பின் சூட்டிலேயே சுற்றும். அடுப்போடு தண்ணீர்த் தொட்டியை இணைத்து, குழாய் வழியாகச் சூட்டைக் கடைசி அறைவரை கொண்டுபோகும் ஏற்பாடும் உண்டு.

குளிரைவிடப் பெரிய தொல்லை ஈரம். மூச்சுக்காற்று, சமையல் ஆவி, காயப்போட்ட துணி எல்லாம் சேர்ந்து ஜன்னல் கண்ணாடி வியர்த்துக் கொட்டும். மெத்தையின் அடிப்பக்கம் நனையும். பூஞ்சை பூக்கும். கதவைத் திறந்தால் ஈரம் போகும், கூடவே காசு கொடுத்து வாங்கிய சூடும் போகும். சிலர் குளிர் தாங்காமல் காற்றுத் துவாரங்களில் துணியை அடைத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. எரியும் அடுப்பிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2019 ஏப்ரலிலிருந்து, இந்தப் படகுகளுக்கான பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமாக இருக்க வேண்டும்.

'டீசல் ஹீட்டர் போட்டுக்கலாமே?' என்பீர்கள். போடுகிறார்கள். சாம்பல் கிடையாது, அழுக்கு கிடையாது. ஆனால், அது பற்றிக்கொள்ளவும் ஓடவும் பேட்டரி தேவை. டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல்பொழுது எட்டு மணி நேரம்கூட இல்லை, அதிலும் பாதி மேகமூட்டம். கூரையில் இருக்கும் சோலார் பேனல் பேருக்குத்தான். பேட்டரி ஏற்ற இன்ஜினை ஓடவிட வேண்டும். நிறுத்திவைத்த படகில் இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணிவரை இன்ஜின் ஓட்டக்கூடாது என்பது விதி. ஆக, எந்த நேரத்தில் குளிர் அதிகமோ, அந்த நேரத்தில் கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும்.

ஒரு யூனிட் சூடு என்ன விலை?

இப்போது பேப்பரும் பேனாவும் எடுங்கள். 20 கிலோ புகையில்லாக் கரி மூட்டை ஒன்று 14 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் சுமார் 8 யூனிட் வெப்பம். அடுப்பு அதில் 70 சதவிகிதத்தை அறைக்குள் கொடுத்து, மீதியைப் புகைபோக்கி வழியே அனுப்பிவிடும் என்றால், ஒரு மூட்டைக்கு நமக்குக் கிடைப்பது 112 யூனிட். அதாவது, ஒரு யூனிட் சூடு பன்னிரண்டரை பென்ஸ். டீசல் லிட்டர் 1.10 பவுண்டு என்றால், இதே கணக்கில் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 14 பென்ஸ் வருகிறது.

கரையில் இருக்கும் வீட்டுக்காரருக்கு என்ன விலை? 2024 அக்டோபரில் பிரிட்டனின் கட்டுப்பாட்டு ஆணையம் நிர்ணயித்த உச்சவரம்புப்படி, குழாய் எரிவாயு யூனிட் 6.24 பென்ஸ், மின்சாரம் 24.50 பென்ஸ். பாய்லரில் வீணாவதைக் கழித்தால், வீட்டுக்குள் வரும் ஒரு யூனிட் சூட்டின் விலை சுமார் 7 பென்ஸ். வீட்டுக்காரர் 7 பென்ஸுக்கு வாங்கும் அதே சூட்டுக்குப் படகுக்காரர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்கிறார்.

'படகு சின்னது, கம்மியாத்தானே செலவாகும்?' நியாயமான கேள்வி. இரண்டரை நாளைக்கு ஒரு மூட்டை என்று வைத்து, ஐந்து மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 60 மூட்டை, 840 பவுண்டு. நம் பணத்தில் 80 ஆயிரத்தைத் தாண்டும். அதே அளவு சூட்டை வீட்டு எரிவாயுவில் வாங்கினால் சுமார் 470 பவுண்டு. வருடம் முழுக்கக் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் 115 பவுண்டைச் சேர்த்தாலும் 600-ஐத் தொடாது. பெரிய வீட்டின் மொத்த பில்லோடு ஒப்பிட்டால் படகுச் செலவு குறைவாகத் தெரியலாம். ஆனால், அந்தக் காசுக்குக் கிடைக்கும் சூடும் குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது.

60 மூட்டை என்றால் 1,200 கிலோ. இவ்வளவையும் யாரோ ஒருவர் கையால் தூக்கியாக வேண்டும். முதுகு சரியில்லாதவர், வயதானவர், கைக்குழந்தை வைத்திருப்பவர்... யாருக்கும் சலுகை இல்லை. கரி, டீசல், கேஸ் சிலிண்டர் மூன்றையும் ஏற்றிக்கொண்டு கால்வாயிலேயே வந்து விற்கும் எரிபொருள் படகுகள்தான் பலருக்குத் தெய்வம் மாதிரி. இந்தக் கால்வாய்களின் கதையே கரியில்தான் தொடங்கியது. 1761-ல் திறந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய், சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்குக் கரி கொண்டுபோகத்தான் வெட்டப்பட்டது. படகோட்டிக் குடும்பங்கள் பத்தடி அறைக்குள் பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தார்கள். 1962-63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் கால்வாய்கள் உறைந்துபோய்ச் சரக்கு நகரவில்லை. ஏற்கெனவே நொடித்துக்கொண்டிருந்த படகுச் சரக்குத் தொழிலுக்கு அது கடைசி அடியாக விழுந்தது. இன்று மிச்சமிருக்கும் கரிப் படகுகளின் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்கள், கால்வாயிலேயே குடியிருப்பவர்கள்!

கால்வாய் உறைவது இன்றும் நடக்கிறது. 2022 டிசம்பர் குளிரிலும் பல இடங்களில் பனிக்கட்டி படர்ந்தது. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு படகை ஓட்டினால் அடிப்பாகத்துக் கறுப்புப் பூச்சு உரிந்துவிடும். எரிபொருள் படகும் வராது. கரையில் இருக்கும் தண்ணீர்க் குழாயும் உறைந்துவிடும். முன்கூட்டியே நாலு மூட்டை கூரைமேல் அடுக்கி வைத்தவர் தப்பித்தார். வாராவாரம் கையில் இருக்கும் காசுக்கு ஒரு மூட்டை வாங்குகிறவர்?

மீட்டர் இல்லையா, உதவியும் இல்லை

விலை கூடுதல் என்பதாவது சந்தை விவகாரம். எனக்கு உறுத்துவது வேறு. 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு எரிசக்தி விலை எகிறியபோது, பிரிட்டிஷ் அரசு வீட்டுக்கு 400 பவுண்டு உதவி அறிவித்தது. அந்த அக்டோபரிலிருந்து ஆறு மாதத் தவணையாக, மின்சார நிறுவனத்தின் பில்லிலேயே கழித்துக் கொடுத்தார்கள். சுலபமான வழிதான். ஆனால், மின் இணைப்பே இல்லாத படகுக்கு பில் எங்கே இருக்கிறது? இப்படி விடுபட்டவர்களுக்காகத் தனி விண்ணப்பத்தை 2023 பிப்ரவரி 27-ல் திறந்தார்கள். அதற்குள் குளிர்காலமே முடியப்போகிறது. அதிலும் நிரந்தரக் குடியிருப்பு முகவரி கேட்டார்கள். நிலையான துறையில் குடியிருக்க அனுமதி பெற்ற படகுக்காரர்களால் விண்ணப்பிக்க முடிந்தது. ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் வெளியே நின்றார்கள்.

அவர்கள் ஏன் நகர்கிறார்கள்? சட்டம் அப்படி. நிலையான துறை இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று 1995-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பனிக்கட்டி போன்ற நியாயமான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. துறைக்கு வாடகை கொடுக்க முடிந்தவருக்கு முகவரி கிடைக்கிறது, முகவரி இருப்பவருக்கு உதவி கிடைக்கிறது. துறை வாடகைக்கு வழியில்லாதவருக்கு இரண்டும் இல்லை. யாரும் திட்டம்போட்டுச் செய்த அநியாயம் என்று சொல்ல மாட்டேன். படிவம் தயாரித்தவர் மனதில் 'வீடு' என்றால் கதவு எண் உள்ள ஒன்று மட்டும்தான் இருந்தது.

இப்போது லைசென்ஸ் கட்டணமும் ஏறுகிறது. நிலையான துறை இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரலிலிருந்து 5 சதவிகிதம் கூடுதல் கட்டணம். படிப்படியாக ஏறி 2028-ல் அது 25 சதவிகிதத்தில் போய் நிற்கும். நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் கால்வாய் வசதிகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது டிரஸ்ட் சொல்லும் காரணம். 2027-க்குப் பிறகு அரசு மானியம் குறையப்போகிறது, இருநூறு வருஷப் பழைய கால்வாய்களின் லாக் கதவுகளையும் கரைகளையும் பராமரிக்கக் காசு வேண்டும் என்பதும் உண்மை. ஆனால், இந்தச் சுமை இறங்குவது கரிக்கு இரட்டை விலை கொடுக்கும் அதே தோளில்தான்.

புகை யாருக்குச் சொந்தம்?

கரையில் இருப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கால்வாய் ஓரத்து அடுக்குமாடியில் இரண்டாவது மாடி ஜன்னலுக்கு நேர்கீழே பத்துப் புகைபோக்கிகள் புகைந்தால் எப்படி இருக்கும்? குழந்தைக்கு ஆஸ்துமா என்றால்? லண்டனின் 1952 புகைமூட்டத்துக்குப் பிறகு வந்த 1956 தூய காற்றுச் சட்டத்தின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கட்டடங்களைத்தான் பெரிதும் குறிவைத்தன, படகுக்குப் பிடி தளர்வாகவே இருந்தது. 2021 சுற்றுச்சூழல் சட்டம் அதை மாற்றியது. நிறுத்தியிருக்கும் படகுகளையும் புகைக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் கொண்டுவர உள்ளாட்சிகள் விரும்பினால் கொண்டுவரலாம். அதே வருடம் மே மாதத்திலிருந்து, மூட்டையில் கட்டிய சாதாரண நிலக்கரியை இங்கிலாந்தில் விற்கத் தடை வந்தது. சிறிய அளவில் விற்கும் விறகிலும் 20 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்றார்கள்.

காற்றுக்கு இது நல்லது, சந்தேகமில்லை. ஈர விறகு எரித்தால் புகைபோக்கியில் தார் படிந்து படகுக்காரருக்குமே ஆபத்துதான். ஆனால், மலிவான எரிபொருளை எடுத்துவிட்டால் அதற்குப் பதில் என்ன தருகிறோம்? லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் கரையிலேயே மின் இணைப்புக் கம்பங்கள் வைத்திருக்கிறார்கள். அங்கே கட்டும் படகுகள் கரி எரிக்காமல் மின்சாரத்தில் சூடாக்கிக்கொள்ளலாம். நல்ல யோசனை. ஆனால், மின்சார விலை யூனிட் 24 பென்ஸுக்கு மேல் என்று பார்த்தோமே! கரியின் பன்னிரண்டரை பென்ஸிலிருந்து அதற்குத் தாவச் சொல்கிறோம். அதுவும் கட்டிநிற்கும் சில நாளைக்குத்தான். அடுத்த ஊருக்கு நகர்ந்தால் கம்பமும் இல்லை, பிளக்கும் இல்லை, மறுபடி கரி மூட்டைதான்.

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகும் நம் பிள்ளைகள் யாராவது 'ஒரு படகு வாங்கிடலாம்னு இருக்கேன்' என்று போனில் சொன்னால், உடனே திட்டிவிடாதீர்கள். சேர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். படகின் விலை, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: தகட்டுக்குள் ஃபோமா, பழைய அட்டையா? அடுப்பின் சூடு படுக்கைவரை வருமா? ஜனவரியில் எங்கே கட்டி நிறுத்துவாய், கரி விற்கிற படகு அந்தப் பக்கம் வருமா? ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மழை பெய்யும் ஒரு டிசம்பர் நாளில் போய், மெத்தையைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.