ஸ்தபதி என்றால் கலைஞர் இல்லையா?

கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையைத் திறந்து வைத்தது யார் என்று வகுப்பில் கேட்டேன். "கலைஞர்" என்று உடனே பதில் வந்தது. சரிதான், 2000 ஜனவரி 1 அன்று திறந்தவர் அவர்தான். செய்தது யார் என்று கேட்டதற்கு ஒரு நண்பர் "அரசாங்கம்" என்றார் :-) அந்தக் கலைஞரைத் தெரிகிறது, இந்தக் கலைஞரைத் தெரியவில்லை.

செய்தவர் வை. கணபதி ஸ்தபதி. 1927இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். எங்கள் கட்டுமாவடியில் பஸ் ஏறி, அறந்தாங்கி, காரைக்குடி தாண்டினால் அந்த ஊர். தலைமுறை தலைமுறையாகக் கல் செதுக்கிய குடும்பம். ஆனால் இவர் காரைக்குடியில் கல்லூரிக்குப் போய்க் கணிதம் படித்தார். 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிற்சி நிலையத்துக்கு முதலில் தந்தை வைத்தியநாத ஸ்தபதி தலைவர். அவருக்குப் பிறகு இவர், 1988 வரை. அந்த நிலையம்தான் இன்றைய சிற்பக் கல்லூரி. 2009இல் பத்மபூஷண் கிடைத்தது, 2011இல் காலமானார்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் "பாரம்பரிய ஸ்தபதி" என்று முடித்துக்கொள்கிறார்கள். அதாவது சிற்ப நூலில் உள்ள அளவைப் பார்த்துச் செய்கிறவர், சொந்தக் கற்பனை கிடையாது என்று அர்த்தம். எனக்கு இதில்தான் சண்டை.

பிள்ளையாருக்கும் நடராஜருக்கும் நூலில் அளவு இருக்கிறது. வள்ளுவருக்கு எங்கே இருக்கிறது? அவர் முகமே நமக்குத் தெரியாது. 1964இல் அரசு ஏற்றுக்கொண்டது கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த படம், அதில் வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். இவர் நிறுத்த வேண்டியதோ கடல் நடுவே, பாறை மேல், 133 அடியில். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். அதன்மேல் சிலை 95 அடி, பொருளும் இன்பமும். கிட்டத்தட்ட 7,000 டன் கருங்கல், உள்ளே வெற்றிடம். 1979இல் அடிக்கல் நாட்டி, 1990இல்தான் வேலை தொடங்கியது. 2004 சுனாமி வந்து மோதியும் சிலை நின்றது. இவ்வளவையும் கணக்குப் போட்டு நிறுத்திவிட்டு, இடுப்பில் லேசாக ஒரு வளைவும் வைத்தாரே, அது எந்த நூலில் இருந்து வந்தது?

ஆப்பிரிக்கச் சிற்பிகளைப் பற்றிப் படித்தபோது நைஜீரியாவின் பென் என்வொன்வு (1917–1994) கண்ணில் பட்டார். அவர் தந்தையும் மரபுச் சிற்பிதான், மரத்தில் செதுக்கியவர். மகன் லண்டன் ஸ்லேட் பள்ளியில் படித்தார், எலிசபெத் அரசிக்கு வெண்கலச் சிலை செய்தார். உலகம் அவரை ஆப்பிரிக்க நவீனக் கலையின் முன்னோடி என்கிறது. நியாயம்தான். ஆனால் அப்பாவிடம் படித்தால் கைவினை, லண்டனில் படித்தால் கலை என்பது என்ன கணக்கு? நம் ஊரிலும் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர் 'கலைஞர்', மாமல்லபுரத்தில் உளி பிடித்தவர் 'ஸ்தபதி'.

அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. மத்திய அமெரிக்கா வரை போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்த மாயர்களுக்கும் நம் மயனுக்கும் தொடர்பு உண்டு என்றார். எனக்கு அது செரிக்கவில்லை, பெயர் ஒற்றுமை மட்டும் ஆதாரம் ஆகாது. அதை வைத்து அவர் சிற்பத்தை மட்டம் தட்டவும் முடியாது.

எங்கள் ஊர் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் அவர் நடத்திய கல்லூரி, வழியில் அவர் வடிவமைத்த பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடம், தெற்கே போனால் வள்ளுவர். ஹவாயில் அவர் வடிவமைத்த இறைவன் கோயிலுக்கு 2023இல் குடமுழுக்கு நடந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை.

அறந்தாங்கிப் பக்கம் அய்யனார் குதிரை செய்கிற வேளார்களைப் பற்றியும் இதே கேள்விதான். அவர்களை நாம் 'பானை செய்கிறவங்க' என்றுதானே சொல்கிறோம்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள். சண்டைக்கும் தயார்.