பாட்டி பேரு ஓட்டர் லிஸ்ட்ல இருக்கா? தேடுங்க, இல்லேன்னா நாமே எழுதுவோம்



2025 நவம்பர் மாதம் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலைத் திருத்துற வேலை ஆரம்பமாச்சு. அங்க இருக்கிற நம்ம சொந்தக்காரங்க, 2002, 2005 வருஷத்துப் பட்டியல்ல தன் பேரு இருக்கா, இல்லேன்னா அப்பா அம்மா பேராவது இருக்கான்னு தேட வேண்டியதாப் போச்சு. அந்தப் பழைய பட்டியல்களை இணையத்திலேயே போட்டிருக்காங்க. அதுல ஒவ்வொரு பேரோடும் அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ, வயசு, வீட்டு நம்பர் எல்லாம் இருக்கும். ஒரே வரியில ரெண்டு தலைமுறை.

அவங்க ஓட்டுக்காகத் தேடினாங்க. நாம குடும்பத்துக்காகத் தேடலாமே! தாத்தா கப்பல் ஏறி பினாங்குக்கு வந்துட்டாரு. அவரோட அண்ணன் தம்பிங்க ஊர்லயே இருந்துட்டாங்க. அவங்க பிள்ளைங்க பேரு அந்த லிஸ்ட்ல இருக்க வாய்ப்பு இருக்கு. ஆனா பட்டியல் ஊர் வாரியா, வாக்குச்சாவடி வாரியாத்தான் இருக்கும். "திருச்சி பக்கம்"னு சொன்னா போதாது, எந்த கிராமம்னு தெரியணும். அதைச் சொல்லக்கூடியவங்க இன்னைக்கு எண்பது வயசுல நம்ம வீட்டு ஹால்ல உட்கார்ந்திருக்காங்க. முதல்ல அவங்களைக் கேளுங்க.

நம்ம பேராக்கிலும் பட்டியல் வட்டாரம் வட்டாரமாத்தான் பிரிச்சிருக்கும். தோட்டத்துப் பேரிலேயே வட்டாரங்கள் உண்டு. ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்தை உடைச்சு, சனங்க புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பிரிஞ்சு போயிட்டாங்க. ஆனா பழைய லிஸ்ட்டைப் பார்த்தா, அந்தத் தோட்டத்துல யார் யார் இருந்தாங்கன்னு இன்னும் தெரியும். தேர்தல் வேலை செஞ்ச பெரியவங்க வீட்டு அலமாரியில பழைய பிரதி கிடக்கலாம், கேட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் கவனம்: அதுல ஐசி நம்பர் இருக்கும். படம் புடிச்சு வாட்ஸ்அப்ல போடாதீங்க.

இவ்வளவு சொன்னாலும், பட்டியலை மட்டும் நம்பிடாதீங்கன்னுதான் நாங்க சொல்றோம். அதுக்குக் காரணம் இருக்கு.

மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல் 1955 ஜூலை 27ல் நடந்துச்சு. பதிஞ்ச வாக்காளர்கள் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். நூத்துக்கு 84 பேர் மலாய்க்காரங்க. இந்தியர்கள் நூத்துக்கு 5 பேர்கூட இல்ல. நம்ம ஆளுங்க இங்க இல்லாமலா? விடியக்காலையில பெரட்டுக்குப் பேரு கொடுத்தாங்க, பால் மரம் வெட்டினாங்க. குடியுரிமை இல்லாததால ஓட்டுக்குப் பேரு கொடுக்க முடியல. சுதந்திரத்துக்குப் பிறகு 1959 தேர்தல்ல பட்டியல் சுமார் 21 லட்சமா ஏறிடுச்சு. அதனால 1955ல் இல்லாத தாத்தா பேரு 1959ல் இருந்தா, இடையிலதான் அவர் குடியுரிமை எடுத்திருப்பாருன்னு ஓரளவு கணக்குப் போடலாம்.

ஆனா கடைசிவரை சிவப்பு ஐசியோடவே போய்ச் சேர்ந்த பாட்டிமாருங்க பேரை எந்த வருஷத்து லிஸ்ட்ல தேடுவீங்க? அவங்களுக்கு ஓட்டே கிடையாது. குடியுரிமை இருந்தவங்களும் 2021 டிசம்பருக்கு முன்னாடி தாங்களே போய்ப் பதிஞ்சாத்தான் பட்டியல்ல பேரு வரும். பதியாதவங்க எத்தனையோ பேர்.

பேரு இருந்தாலும் எழுத்து மாறியிருக்கும். 1948ல் அவசரகாலத்தப்போ ஐசி கொடுக்க ஆரம்பிச்சாங்க. எழுதினவர் காதுல விழுந்ததுதான் பேரு. முனியம்மா ஒரு தாள்ல முனியாமா, இன்னொண்ணுல முனிமா.

பொம்பளைங்க பேரு தொலையறது நம்ம நாட்டுக் கதை மட்டும் இல்ல. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52ல் நடந்தப்போ, சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. சொந்தப் பேரைச் சொல்லாம, இன்னார் சம்சாரம், இன்னார் அம்மான்னு மட்டும் பதிஞ்சிருந்தாங்களாம். பெரும்பாலும் வடக்கு மாநிலங்கள்ல நடந்தது. ஆனா நம்ம வீட்டுலயும் "ஆயா"ன்னே கூப்பிட்டு, ஆயா பேரு என்னன்னு கேட்காமலே வளர்ந்த பிள்ளைங்க இருக்காங்களே!

தர்ப்பணத்துல அப்பா வழியில மூணு தலைமுறை, அம்மா வழியில மூணு தலைமுறை பேரு சொல்லணும். ஐயர் கேட்கும்போது தாத்தாவோட நின்னு போறவங்கதான் அதிகம். எள்ளும் தண்ணியும் கடையில வாங்கிடலாம். பேரை எந்தக் கடையில வாங்குறது?

ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கிற எங்களுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும். பஞ்ச் கார்டுல பேரு விழலேன்னா, ஆள் நாள் முழுக்க உழைச்சிருந்தாலும் கணக்குல வரமாட்டான். அப்போ சூப்பர்வைசர்தான் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். பாட்டி தாத்தாவுக்கு அந்த வேலையை நாமதான் செய்யணும்.

அதனால கோயில் நிர்வாகத்துக்கும் உங்களுக்கும் எங்க வேண்டுகோள்: வர்ற ஆடி அமாவாசைக்குள்ள ஒரு குடும்பப் பேரேடு ஆரம்பிப்போம். குடும்பத்துக்கு ஒரு பக்கம். ரெண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, பூட்டன் பூட்டி பேரு, ஊரு, வேலை செஞ்ச தோட்டம், அங்க கும்பிட்ட சாமி. பெண்கள் பேரை முதல்ல எழுதுங்க, அதுதான் சீக்கிரம் மறந்து போகுது. ஐசி நம்பர் வேண்டாம். பட்டியல்ல கிடைச்சதையும் பெரியவங்க சொன்னதையும் தனித்தனியா குறிங்க. ரெண்டும் ஒத்துப் போகலேன்னா ரெண்டையும் எழுதுங்க, எதையும் அடிக்காதீங்க.

வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு வாங்க. எழுதத் தெரியாத பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க, நாங்க எழுதித் தர்றோம்.

அம்மன் துணை.