ஆயுள் என்னுஞ் சொல்

1901 முதல் 1911 வரையுள்ள பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 23 ஆண்டுகளே என்று ஜனத்தொகைக் கணக்கினின்று மதிப்பிட்டுள்ளனர். இதனைப் படிப்போருட் பலர், அக்காலத்து மக்கள் 23 வயதிலேயே மூத்து மடிந்தனர் என்று எண்ணுகின்றனர். வேறு சிலரோ, “எம் கொள்ளுப்பாட்டனார் எண்பது வயது வரை ஏர் பிடித்தாரே, இக்கணக்குப் பொய்” என்று தள்ளிவிடுகின்றனர். இருதிறத்தாரும் மயங்குதற்குக் காரணம் கணக்கன்று, ‘ஆயுள்’ என்னுஞ் சொல்லே என்பது எமது துணிபு.

தமிழ் வழக்கில் ஆயுள் என்பது ஒருவனுக்கு முன்னரே அளந்து வைத்தது. ஆயுள் முடிந்தது என்கிறோம். பிழைத்தவனை ஆயுள் கெட்டி என்கிறோம். இப்பொருளை மனத்துட் கொண்டு நோக்குவார்க்குச் சராசரி ஆயுள் ஓர் எல்லைக்கல்லாகவே தோன்றும். அஃது எல்லையன்று என்பதை அக்கணக்குப் பிறந்த வரலாறே காட்டும்.

லண்டன் மாநகரத்து ஜவுளி வியாபாரியாகிய ஜான் கிராண்ட் என்பவர் 1662ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு சிறு அட்டவணை உளது. பிறந்த 100 பேருள் 6 வயதில் எஞ்சுவோர் 64; 16இல் 40; 26இல் 25; 36இல் 16; 46இல் 10; 56இல் 6; 66இல் 3; 76இல் ஒருவரே. அந்நகரத்து மரணக் குறிப்புக்களில் இறந்தோர் வயது அக்காலத்திற் பதியப்படாமையின், இவ்வெண்களிற் பெரும்பகுதி அவர் ஊகித்தனவே. ஆயினும் 1669இல் ஹாலந்து தேசத்து லோடவெய்க் ஹைகன்ஸும், அவர் தமையனாரும் பேரறிஞருமாகிய கிறிஸ்டியான் ஹைகன்ஸும் இவ்வட்டவணையைக் கொண்டு கடித வாயிலாக வாதிட்டனர். ஒவ்வொரு பகுதியில் இறந்தோரும் அப்பகுதியின் நடுவில் இறந்தனர் எனக் கொண்டு, நூற்றுவரும் வாழ்ந்த ஆண்டுகளையெல்லாங் கூட்டி நூறால் வகுத்தார் இளையவர். 18 ஆண்டும் சில மாதமும் வந்தது. அந்நூற்றுவரிற் பாதிப்பேர் எவ்வயதுக்குள் இறப்பர் என்று வினாவினார் மூத்தவர். விடை ஏறக்குறைய 11. இரண்டும் மெய்; ஆயினும் ஒன்றன்று.

இனி, 16 வயது நிரம்பிய ஒருவனை நோக்குவோம். அவன் 26ஐக் காணும் வாய்ப்பு 40இல் 25, அதாவது 0.625. 36ஐக் காணும் வாய்ப்பு 0.4, பின்னர் முறையே 0.25, 0.15, 0.075, 0.025. இவற்றைக் கூட்ட 1.525 ஆகும். ஒவ்வொன்றும் ஒரு பத்தாண்டுக்கு உரியதாதலின், 15¼ ஆண்டு. இறக்கின்ற பத்தாண்டிலும் சராசரியாகப் பாதி வாழ்வானாதலின் 5 கூட்டுக, 20¼. இன்ஷூரன்ஸ் கணிதர் பத்தாண்டுக்கு மாறாக ஓராண்டு கொண்டு செய்வதும் இதுவே.

பிறந்த குழவிக்கு 18. பதினாறாண்டைக் கழித்தவனுக்கோ இன்னும் 20! அளந்து வைத்த பொருளாயின் செலவழித்தபின் மிகுதல் யாங்ஙனம்? நூற்றுவருள் 36 பேர் ஆறு வயதுக்குள் மறைந்தமையே பிறப்பிற் கணித்த எண்ணைத் தாழ்த்திற்று. இந்தியக் கணக்கிலும், வளர்ந்தோரைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டது உண்மையேயெனினும், தொட்டிலில் மடிந்தோர் தொகையே பெரிது. கொள்ளுப்பாட்டனார் எண்பது வரை ஏர் பிடித்ததும் மெய், 23 என்பதும் மெய். அவருடன் பிறந்து பெயரிடுமுன் மறைந்த குழவிகளைக் குடும்பம் மறந்துவிட்டது, கணக்கு மறக்கவில்லை.

‘எதிர்பார்ப்பு’ என்று மொழிபெயர்ப்பதும் எமக்கு உடன்பாடன்று. தன் குழவி பதினெட்டில் இறக்குமென்று எத்தாயும் எதிர்பார்த்திலள். ‘எஞ்சுவாழ்வுச் சராசரி’ என்று வழங்கி, எவ்வயதினின்று என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். சொல் நீளமாயிற்றே என்பார் உளர். நாவிற்குச் சிறிது வருத்தந்தான்; பழகினாற் போம்.