பழைய பெட்டி, புது ஜன்னல்

ஓசூர் என்றால் கன்னடத்தில் 'ஹொஸ ஊரு', அதாவது புது ஊர் என்று அர்த்தம் சொல்வார்கள். பெயர்தான் புதுசு. சிப்காட்டில் ஏதாவது சின்ன யூனிட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பெரிய கம்பெனி கழித்துப் போட்ட மில்லிங் மெஷின், மூன்று கை மாறிய லேத், முதலாளியின் பையன் காலேஜில் தட்டித் தேய்த்த கம்ப்யூட்டர் எல்லாம் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும். எண்ணெய் விட்டால் ஓடும், சந்தனம் குங்குமம் வைத்தால் இன்னும் நன்றாக ஓடும் என்பது எங்கள் ஊர் இன்ஜினீயரிங்.

2025-ல் ஆயுத பூஜை அக்டோபர் 1-ந் தேதி வந்தது. மானிட்டரில் வைத்த சந்தனம் உதிர்வதற்குள், 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் கையை விரித்துவிட்டது. 2015-ல் அந்தக் கம்பெனிக்காரர் ஒருவரே மேடையில் 'இதுதான் கடைசி விண்டோஸ்' என்றார். நம் ஜவுளிக்கடைகளின் 'கடைசி மூன்று நாள்' தள்ளுபடி மாதிரிதான். 2021-ல் பதினொன்று பிறந்துவிட்டது!

ஜாப் ஒர்க் செய்யும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். நான் பி.காம். என்பதால் மாதம் 20-ந் தேதி நெருங்கினால் ஜி.எஸ்.டி. சந்தேகத்துக்குக் கூப்பிடுவார். அந்த வாரம் சந்தேகம் வேறு.

"தம்பி, இந்தப் பெட்டி பதினொண்ணுக்கு லாயக்கில்லைன்னு எழுதி வருது. நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுதுண்ணே. ஆனா இது ஏழாவது தலைமுறை ப்ராசஸர். அவங்க எட்டாவதுலேர்ந்துதான் பொண்ணு குடுப்பாங்களாம்."

ஏழாவதில் ஒன்றிரண்டுக்குச் சலுகை உண்டு. இவருடையது அந்தப் பட்டியலில் இல்லை. தவிர, ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற டி.பி.எம். 2.0 என்ற சில்லும் வேண்டும். ஜாதகம் எந்தப் பக்கமும் பொருந்தவில்லை.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலிருந்து வந்த மெக்கானிக் ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஹொஸதே தகொள்ளி ஸார்." புதுசே வாங்குங்கள். நாற்பதாயிரம்.

அண்ணன் முகம் சுண்டிப் போனது. 20-ந் தேதி தீபாவளி. கையில் இருந்தது எட்டுப் பேருக்கான போனஸ் பணம்.

இங்கேதான் காமர்ஸ் படித்தவன் மூக்கை நுழைக்க வேண்டியிருக்கிறது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவிகிதம் தேய்மானம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த கையோடு 40,000 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி, எட்டு வருஷத்தில் ஏட்டில் 672 ரூபாய்! ஆனால் அதற்குள்ளே இருப்பது? டாலி கணக்கு, கஸ்டமர் கொடுத்த டிராயிங், யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு பொம்மசந்திரா அனுப்புகிற பீஸ், ஐம்பதாயிரத்துக்குக் கீழே இருந்தாலும் மாநிலம் தாண்டுவதால் இ-வே பில் கட்டாயம். அதைச் செல்போனில் போட்டுவிடலாம். டிராயிங் போனால் எதில் போடுவது?

சும்மா விட்டுவிட்டால் என்ன? 2017 மே மாதம் 'வான்னக்ரை' வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திணறின. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. மாட்டியவர்கள் மருந்து போடாதவர்கள். விண்டோஸ் 10-க்கோ இனிமேல் மருந்துக் கடையையே மூடுகிறார்கள்.

லினக்ஸ்? 2014 ஏப்ரலில் எக்ஸ்.பி.க்கு இதே கதி வந்தபோது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொல்லி தமிழக அரசே தன் துறைகளுக்கு எழுதியது. காசு கிடையாது, பழைய பெட்டியிலும் ஓடும். லெட்டர் அடிக்க, இன்டர்நெட் பார்க்க தாராளம். ஆனால் டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. அண்ணனுக்கு டாலி இல்லாமல் பொழுது விடியாது.

இன்னொரு ஆசாமி குறுக்கு வழியில் பதினொன்றை ஏற்றித் தருவதாகச் சொன்னார். ஏற்றலாம். அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பாதுகாப்புக்காக மாறிவிட்டுப் பாதுகாப்பில்லாமல் உட்காருவதா?

நான்காவது வழி, காசு கொடுத்துத் தவணை வாங்குவது. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷ நீட்டிப்பு 30 டாலர்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் வைத்தால் அதுவும் இலவசம். கம்பெனிகளுக்கு முதல் வருஷம் 61 டாலர், அதாவது ஐயாயிரத்துச் சொச்சம். அடுத்த வருஷம் இரட்டிப்பு, மூன்றாம் வருஷம் அதற்கும் இரட்டிப்பு. கந்துவட்டிக்காரர் தோற்றார்.

"ஒரு வருஷம் மட்டும் கட்டுங்கண்ணே. போனஸைக் குடுத்துடுங்க. மாசம் 3,500 தனியா எடுத்து வைங்க. பன்னெண்டு மாசத்துல 42,000. புதுப் பெட்டி ரொக்கத்துல வந்துடும்."

"மெஷினோட ஒட்டியிருக்கே, எக்ஸ்.பி. பெட்டி?"

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நெட் வயரைப் புடுங்கிடுங்க. கண்ட பென் டிரைவைச் சொருக விடாதீங்க. ரெண்டு பெட்டியில இருக்கறதையும் இன்னிக்கே தனி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்து வீட்டு பீரோவுல வைங்க."

உங்கள் பெட்டிக்கும் இதே கேள்விதான். அதன் வழியாகப் பணமோ பிறர் நம்பிக் கொடுத்த காகிதமோ போய் வருகிறதா? ஆமென்றால் மருந்து இல்லாமல் ஒரு நாளும் நெட்டில் விடாதீர்கள். பாட்டு கேட்கவும் சீட்டு ஆடவும்தான் என்றால் லினக்ஸைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

அந்தத் தீபாவளிக்கு எட்டுப் பேருக்கும் போனஸ் கிடைத்தது. கம்ப்யூட்டருக்குத்தான் போனஸ் ஒரு வருஷ ஆயுள்.