பாதி வழியில் ஊமையாகும் ரேடியோ

கடலூரில் கிளம்பும்போது கணீரென்று பாடும். ஆலப்பாக்கம் தாண்டினால் சட்டென்று ஊமையாகும். புதுச்சத்திரத்தில் திரும்பப் பேசும். சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் நாலு முறை இப்படி. அப்பாவின் பழைய மாருதி 800 ரேடியோவின் கதை இது.

"தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டலாம்ப்பா" என்றேன். அப்பா கேட்கவில்லை. காரணம் எனக்கும் தெரியும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டதே, நினைவிருக்கிறதா? நாள் கணக்கில் கரண்ட் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. அப்பா காரில் உட்கார்ந்து இதே ரேடியோவில் செய்தி கேட்டு, தெருவுக்கே சொன்னார். அதை எப்படி விடுவார்?

சரி, பழுதைத் தேடினோம். உங்கள் காரிலும் இப்படி என்றால், முதலில் இதைக் கவனியுங்கள்: தினமும் ஒரே இடத்தில் நிற்கிறதா, பள்ளத்தில் குலுங்கும்போது நிற்கிறதா?

ஒரே இடம் என்றால் ரேடியோ மேல் தப்பில்லை. புதுச்சேரி எஃப்.எம். 102.8 தெற்கே போகப் போக மங்கத்தான் செய்யும். குலுங்கும்போது என்றால் ஒயரில்தான் கோளாறு.

அடுத்து, சத்தம் நிற்கும் நேரத்தில் டிஸ்ப்ளேவைப் பாருங்கள்.

வெளிச்சம் இருக்கிறது, 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் வருகிறதா? ஏரியல் ஒயர். ரேடியோவின் பின்பக்கம் பிளக் தளர்ந்திருக்கும், அல்லது ஏரியல் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கும்.

வெளிச்சம் இருக்கிறது, இரைச்சல்கூட இல்லையா? ஸ்பீக்கர் ஒயர் எங்காவது உரசி, பாடியில் தொடுகிறதா பாருங்கள். கதவுக்குள் போகும் ஒயர்தான் அடிக்கடி மடங்கி அறுந்துபோகும்.

வெளிச்சமும் அணைகிறதா? பியூஸ், சாவி வழியாக வரும் ஒயர், எர்த், இந்த மூன்றில் ஒன்று. கடிகாரமும் அழிந்து பன்னிரண்டுக்குத் திரும்பினால், பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயரையோ எர்த்தையோ சந்தேகப்படுங்கள்.

எங்கள் வண்டியில் வெளிச்சமும் போனது, கடிகாரமும் போனது. பியூஸ் நன்றாகவே இருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ரேடியோவை வெளியே இழுத்துப் பார்த்தோம். எர்த் ஒயர் பாடியில் இறுகும் ஸ்க்ரூ, பச்சையும் பழுப்புமாகப் பூத்துக் கிடந்தது. கடலோர ஊர், உப்புக்காற்று சும்மா விடுமா? உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்ததும் இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். செலவு, ஒரு உப்புத்தாள்!

இரண்டு எச்சரிக்கை. பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றினால் ஒயரே பற்றி எரியலாம். வண்டி சூடானபின் மட்டும் ரேடியோ நின்றால், உள்ளே சால்டர் விட்டிருக்கலாம். அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

போன ஞாயிறு சிதம்பரம் போனோம். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் கொஞ்சம் இரைந்தது, நிற்கவில்லை. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

ஐப்பசி பிறக்கும் முன் உங்கள் கார் ரேடியோவையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.