வழக்கு நம்முடையது, வாய் எவருடையது?

தமிழர்காள்! 2023 திசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தை எண்ணெய் மூடியபொழுது, அங்குள்ள மீனவர் தமிழில்தான் அழுதனர். அவ்வழக்கை ஆய்ந்தது பசுமைத் தீர்ப்பாயம். அதன் முடிவை எதிர்க்க விரும்புவோன் செல்லவேண்டிய இடமோ தில்லி உச்ச நயன்மன்றம். ஆங்கே அவன் அழுகைக்கு மொழியில்லை. அவன் தமிழ் ஆவணமும் ஆங்கிலமாக்கப்பட்ட பின்னரே மதிக்கப்படும்.

திருவொற்றியூர்த் தொழிலாளியின் நிலையும் இதுவே. கீழ் நயன்மன்றங்களில் தமிழ் வழங்க 1976-இல் சட்டம் வந்தது. ஆயின் மேல்முறையீடு என்று ஏறுந்தோறும் தமிழ் உதிர்கின்றது. தில்லியிலோ தமிழனே உதிர்கின்றான். தன் வேலையையும் மனையையும் பற்றிய சொற்போரைத் தன் காதாற் கேட்டும் அறியாமல் நிற்கின்றான்.

காரணம் என்ன? நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை உச்ச, உயர் நயன்மன்றங்களின் மொழி ஆங்கிலமே என்கின்றது அரசமைப்பின் 348-ஆம் பிரிவு. 1970-இல் இராசு நாராயண் இந்தியில் வழக்காட முனைந்தபொழுது, உச்ச நயன்மன்றம் அவர் இடையீட்டையே நீக்கிற்று.

ஆனால், குடியரசுத் தலைவர் இசைவோடு ஆளுநர் மாநில மொழியை உயர் நயன்மன்றத்தில் வழங்கச் செய்யலாம் என்பதும் அதே பிரிவுதான். அவ்வாறே இராசத்தானில் 1950-இலும், உத்தரப்பிரதேசத்தில் 1969-இலும், மத்தியப்பிரதேசத்தில் 1971-இலும், பீகாரில் 1972-இலும் இந்தி ஏறியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தமிழுக்குக் கேட்டது. 1965-ஆம் ஆண்டு அமைச்சரவைக் குழுவின் முடிவைக் காட்டித் தலைமை நடுவரை வினவினர். 2012 அக்தோபர் 11-இல் நடுவர் முழுக்குழு மறுத்தது. 2016 சனவரியில் அம்மறுப்பே மீண்டும் வந்தது.

குசராத்திக்கும் வங்காளத்திற்கும் கன்னடத்திற்கும், சத்தீசுகர் கேட்ட இந்திக்குங்கூட அன்று மறுத்தனரே, அது நடுநிலையன்றோ என்பர் சிலர். நால்வரை உள்ளே அமர்த்திவிட்டுக் கதவைத் தாழிடுவதா நடுநிலை? தலைமை நடுவர் இசையவேண்டும் என்று 348-ஆம் பிரிவில் ஓரெழுத்தேனும் உண்டா?

பன்மொழி நாட்டில் இஃது இயலாது என்பதும் பொய். சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி மன்றம் செருமன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் தீர்ப்புரைக்கின்றது. கனடாவின் உச்ச மன்றம் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் உடனுக்குடன் பெயர்த்துக் கேட்கின்றது. இந்திய நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசலாம். அவரைத் தேர்ந்த குடிமகன் நயன்மன்றத்தில் பேசலாகாதா?

2019 முதல் தீர்ப்புகள் சில தமிழிற் பெயர்க்கப்படுவது நன்றே. ஆயினும் தோற்றபின் தோல்வியைத் தமிழிற் படிப்பது வேறு. தோற்குமுன் தன் நயத்தைத் தமிழில் உரைப்பது வேறு. பின்னதே உரிமை, முன்னது வெறும் அறிவிப்பு.

தமிழ்நாட்டு உயர் நயன்மன்றத்தில் தமிழ். உச்ச நயன்மன்றத்தில் அவரவர் மொழி. இவ்விரண்டையும் கேட்போம். வாயைக் கட்டிவிட்டு வழங்கும் தீர்ப்பு எத்துணை நேரியதாயினும், அது நமக்கு இடப்பட்ட பிச்சையேயன்றி நாம் பெற்ற நயனன்று!