பிரிவதற்கு ஒரு முகூர்த்தம்

கலியாணத்துக்கு நாள் பார்ப்பது சுத்தப் புரட்டு என்பது நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆனால் நாள் பார்த்தே தீரவேண்டிய காரியம் ஒன்று மெய்யாகவே இருக்கிறது. அதாவது, புருஷனும் பெண்ஜாதியும் விவாகரத்துச் செய்துகொண்டு, நடக்கிற வியாபாரத்தைப் பங்கு போடுவது. இதற்குப் பஞ்சாங்கம் உதவாது, பேரேடுதான் உதவும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், கலியாணத்துக்குப் பின் யார் சம்பாதித்தாலும், தானமாகவும் வாரிசாகவும் வந்தது நீங்கலாக, இருவருக்கும் பொது. பிரியும்போது ஆளுக்குப் பாதி. சரி, எந்தத் தொகையில் பாதி? பிரிந்த நாளில் 10 லட்சம் டாலர் பெறும் கடை, 3 வருஷங் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது 16 லட்சமாகவும் இருக்கலாம், 4 லட்சமாகவும் இருக்கலாம். அவள் பங்கு 5 லட்சமா, 8 லட்சமா, 2 லட்சமா? தேதி மாறினால் பங்கும் மாறிவிடுகிறது.

அந்த மாகாணச் சட்டம், விசாரணைக்குக் கூடியவரை நெருங்கிய நாளின் மதிப்பையே எடுக்கச் சொல்லுகிறது. 30 நாள் நோட்டீசு கொடுத்து, தக்க காரணமும் காட்டினால், பிரிவுக்கும் விசாரணைக்கும் நடுவிலுள்ள வேறொரு நாளை எடுக்கலாம். தனி வக்கீலைப்போல் ஒருவருடைய சொந்த உழைப்பையே நம்பிய தொழிலுக்குப் பிரிந்த நாளின் மதிப்பையே எடுத்த தீர்ப்புகளும் உண்டு. பிரிந்தபின் உழைத்த உழைப்பு அவருடையது என்பது காரணம்.

இது நியாயந்தான். ஆனால் இதையே பெரிய கடைக்காரனும் பிடித்துக்கொண்டு தொங்கினால் நாம் ஒப்ப முடியாது. 10 பேர் வேலை செய்து, பழைய பெயருக்காகவே வாடிக்கைக்காரர் வருகிற கடையில், கூடின மதிப்பெல்லாம் அவன் ஒருவன் வியர்வையா? முதலில் பாதி அவளுடையதல்லவா? அந்தப் பாதி 3 வருஷம் அவன் கல்லாவில் உழைத்ததற்குக் கூலி எங்கே என்று கேட்கிறோம்.

மதிப்பு இறங்கினாலோ சங்கதி வேறு. கடைச் சாவி யாரிடம் இருக்கிறது? வரவேண்டிய பாக்கியை வசூலிக்காமல் இழுக்கலாம். பெரிய ஆர்டரை வழக்கு முடிந்தபின் வாங்கிக்கொள்ளலாம். இருக்கிற சரக்கைக் குறைத்து எழுதலாம். அசல் முகூர்த்தம் பார்ப்பது இதுவல்லவா! ஆகவே, எந்தத் தேதி என்பதற்கு முன், மதிப்பு ஏன் ஏறிற்று, ஏன் இறங்கிற்று என்று கேட்கவேண்டும். ஊர் முழுதும் வியாபாரம் மந்தமானால் நஷ்டம் இருவருக்கும். அவனே வேண்டுமென்று இறக்கியிருந்தால் பிரிந்த நாள் மதிப்பை அவன் தலையில் கட்டவேண்டும். தனியே உழைத்து உயர்த்தினேன் என்பானாகில், அவ்வளவுக்கு அவனுக்கு விடலாம். ருசுப்படுத்த வேண்டியவன் அவனே, ஏனெனில் கணக்கு இருப்பது அவனிடத்தில்.

நிற்க. இந்தியாவில் இந்தத் தொல்லை இல்லையென்று யாரும் மகிழவேண்டாம். பங்கே இல்லாத இடத்தில் தேதி எதற்கு? 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தின் 27-வது பிரிவு, கலியாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாகக் கொடுத்த சொத்தைப்பற்றித்தான் பேசுகிறது. பத்திரத்தில் பெயரில்லாமல் 20 வருஷம் கடையில் பொட்டலம் கட்டியவளுக்கு ஜீவனாம்சம் கேட்க வழியுண்டே தவிர, கடையில் பாதி கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. கணவன் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் மசோதா ஒன்று 2013-ல் ராஜ்ய சபையில் நிறைவேறி, 2014-ல் லோக் சபை கலைந்ததோடு செத்துப்போயிற்று. மறுபடி ஒன்று வருமானால், பங்கு எவ்வளவு என்று பார்ப்பதோடு நில்லாமல், மதிப்புக்குரிய தேதியைப்பற்றிய பிரிவையும் பெண்மக்கள் முதலில் புரட்டிப் பார்க்கட்டும்.